பிரான்சைஸ் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கேள்வி: வேலையை விட்டுவிட்டு, ஓரளவு பெயர் வாங்கிய ஒரு நிறுவனத்தின் பிரான்சைஸ் எடுக்கலாம் என்றிருக்கிறேன். எழுபது பக்கத்துக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் ஏரியா வேறொருவருக்குப் போய்விடுமாம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் சட்டம் கைகொடுக்குமா?

பதில்:

முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும்.

"கடை வாங்குகிறேன்" என்றுதான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் நீங்கள் கடை வாங்கவில்லை. ஒரு பெயரையும், அந்தப் பெயரோடு வரும் வேலை முறையையும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, சில நிபந்தனைகளோடு பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்குகிறீர்கள். கிட்டத்தட்ட வாடகை மாதிரி. கருவிகள் உங்களுடையவை, கடன் உங்களுடையது, கட்டடத்தின் குத்தகை உங்கள் பேரில். ஆனால் வாடிக்கையாளர் உள்ளே நுழைவது பெயர்ப்பலகையைப் பார்த்து; அந்தப் பலகை அவர்களுடையது. ஒப்பந்தம் முடிகிற நாளில் அது கீழே இறங்கும். அதனால்தான் யார் இந்த மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாலும் கடைசிப் பக்கங்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். காலாவதி, புதுப்பித்தல், ரத்து, ரத்துக்குப் பின் கடமைகள். முதல் இருபது பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, எல்லாம் நல்லதாகத்தான் இருக்கும்.

ஒரு முறை ஒருவர் ஐந்து வருட பிரான்சைஸ் ஒப்பந்தத்தோடு வந்தார், கையெழுத்துப் போட்டு நாலரை வருடம் ஆன பிறகு. கட்டடத்தின் குத்தகை ஒன்பது வருடம். அப்போது நல்ல பேரமாகத் தெரிந்திருக்கிறது. புதுப்பித்தல் பிரிவை எடுத்துப் பார்த்தால், "அந்தத் தேதியில் நடைமுறையில் உள்ள படிவத்தின்படி" என்று ஒரே ஒரு வரி. அதாவது பழைய நிபந்தனைகள் அப்படியே தொடராது. அன்றைக்குப் புதிதாகச் சேருகிறவருக்கு என்ன நிபந்தனையோ அதுதான் இவருக்கும். புதிய படிவத்தில் ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்த விற்பனையிலிருந்து தாய் நிறுவனத்துக்குக் கட்டும் பங்கு, கூடியிருந்தது, கடையை முழுக்க இடித்துப் புது வடிவமைப்பில் கட்டச் சொன்னது. வேண்டாம் என்று விலகலாம்தான். விலகினால் அதே இடத்தில் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று இன்னொரு பிரிவு. ஆக, நாலு வருடக் குத்தகை மிச்சம் இருக்கிறது, உள்ளே என்ன செய்வதென்று தெரியவில்லை. குத்தகைக் காலமும் பிரான்சைஸ் காலமும் ஒரே நாளில் முடியும்படி பார்த்துக்கொண்டிருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும். இதற்கு வக்கீல்கூட வேண்டாம், இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பார்த்தால் போதும்.

விலகிய பிறகு அதே தொழில் செய்யக் கூடாது என்ற தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டித் தொழில் செய்யாதே என்பது வேறு கதை. 1995-இல் குஜராத் பாட்லிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தடை செல்லும் என்ற நிலையை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட (சந்தையில் போட்டி நசுங்காமல் காக்கும் சட்டம்) விதிகள், முடிந்த பிறகான தடையைப் பொதுவாக ஒரு வருடத்துக்கும், நீங்கள் கடை நடத்திய அதே இடத்துக்கும் சுருக்குகின்றன. மலேசியாவில் நேர் எதிர்: 1998 பிரான்சைஸ் சட்டமே இரண்டு வருடத் தடையை எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். எனவே "இந்தப் பிரிவெல்லாம் கோர்ட்டில் நிற்காது, சும்மா கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், எந்தக் கோர்ட்டில் என்று கேளுங்கள்.

இனி பணம். பிரான்சைஸ் கணக்கில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்றுதான்: ராயல்டி விற்பனையின் மேல் விழுகிறது, லாபத்தின் மேல் அல்ல. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 100 விற்பனை. சரக்குக்கு 38, சம்பளம் 22, வாடகை 15, மின்சாரம் முதலான இதர செலவு 8, ராயல்டி 6, விளம்பர நிதிக்கு 2. மிச்சம் 9. அந்த ஒன்பதிலிருந்துதான் கடன் தவணையும் உங்கள் வீட்டுச் செலவும் போக வேண்டும். இப்போது விற்பனை 80 ஆகக் குறைகிறது. சரக்கு 30.4 ஆகும், ராயல்டியும் விளம்பர நிதியும் சேர்ந்து 6.4 ஆகும். ஆனால் சம்பளம், வாடகை, இதரம் மூன்றும் சேர்ந்த 45 அசையாது. மொத்தச் செலவு 81.8. உங்களுக்கு 1.8 நஷ்டம், அதே மாதம் தாய் நிறுவனத்துக்கு 6.4 வரவு. இதில் அநியாயம் எதுவும் இல்லை, கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஏன் எப்போதும் விற்பனையை உயர்த்துவதைப் பற்றியே பேசுகிறார்கள், தள்ளுபடித் திட்டங்கள் ஏன் மேலிருந்து வந்து விழுகின்றன என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். தள்ளுபடியில் விற்பனை ஏறினால் அவர்கள் பங்கு ஏறும். உங்கள் மிச்சம் ஏறுமா என்பது உங்கள் பாடு.

ராயல்டி கண்ணுக்குத் தெரிகிற வருமானம். தெரியாதது சரக்கில் இருக்கலாம். "எங்களிடம் அல்லது நாங்கள் சொல்கிற சப்ளையரிடம் மட்டும் வாங்க வேண்டும்" என்ற பிரிவு அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. தரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்த 38-க்குள் தாய் நிறுவனத்தின் லாபமோ சப்ளையர் தருகிற கமிஷனோ எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பழைய உதாரணம் அமெரிக்காவின் சிக்கன் டிலைட். அந்த நிறுவனம் ராயல்டியே வாங்கவில்லை. அதற்குப் பதில் அடுப்பு, பொரிக்கும் பாத்திரம், மாவுக் கலவை, பேக்கிங் எல்லாவற்றையும் தன்னிடமே, வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வைத்தது. 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது பெயரைக் காட்டிச் சரக்கைத் தலையில் கட்டும் வேலை, போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் ஒப்பந்தத்தை எழுதுகிற விதம் மாறியது. பழக்கம் முழுக்க ஒழிந்துவிடவில்லை.

இன்னொரு வழி நிலம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1956-லேயே நிலத்துக்கென்று தனி நிறுவனம் ஆரம்பித்து, இடத்தைத் தானே பிடித்து, கடை நடத்துகிறவருக்கு உள்வாடகைக்கு விட்டது. இன்றைக்கும் அதன் வருமானத்தில் வாடகைக்குப் பெரிய இடம் உண்டு. உங்கள் விஷயத்திலும் இடத்தின் குத்தகை யார் பேரில் என்று பாருங்கள். அவர்கள் பேரில் இருந்தால், பிரான்சைஸ் ரத்தாகிற அன்றே இடமும் போய்விடும், அடுத்த நாள் வேறொருவர் அதே கடையைத் திறப்பார். உங்கள் பேரில் இருந்தால் மேலே சொன்ன ஒன்பது வருடக் கதை. எதில் நிற்பது என்று தெரிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கையேடு. எழுபது பக்க ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவர்கள்கூட இதில் ஏமாந்து போகிறார்கள். "நிறுவனத்தின் செயல்முறைக் கையேடு அவ்வப்போது திருத்தப்படும், அது இந்த ஒப்பந்தத்தின் பகுதியாகக் கருதப்படும்" என்று எங்கோ ஒரு பிரிவு இருக்கும். அதன் பொருள், நீங்கள் கையெழுத்துப் போட்டது எழுபது பக்கத்துக்கு மட்டும் அல்ல, இன்னும் எழுதப்படாத பக்கங்களுக்கும்தான். புது பில்லிங் மென்பொருள், புது சீருடை, கடை திறந்திருக்க வேண்டிய நேரம் எல்லாம் கையேடு வழியாக வரும், செலவு உங்களுடையது. இதை முழுதாக எடுக்கச் சொன்னால் எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது. ஒரு வருடத்தில் இவ்வளவுக்கு மேல் புதுச் செலவு சுமத்தக் கூடாது என்று ஒரு வரம்பு கேட்டுப் பார்க்கலாம். நான் பார்த்தவரை, கேட்டால் சில சமயம் கிடைக்கிறது; கேட்காதவருக்குக் கிடைத்ததில்லை.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று எரிச்சல் வரலாம். வணிகச் சின்னச் சட்டத்திலேயே (டிரேட்மார்க் சட்டம்) அதற்குக் காரணம் இருக்கிறது. தன் பெயரைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தரத்தைக் கண்காணிக்காமல் விட்டால், அந்தப் பெயர் மீதான உரிமையே பல நாடுகளில் பலவீனப்படும். 1986-இல் ப்ரோநுப்ஸியா வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வந்தது. மணப்பெண் ஆடை விற்கும் அந்த நிறுவனத்துக்கு ஹாம்பர்க் உள்ளிட்ட ஜெர்மன் நகரங்களில் கடை நடத்தியவர், ஒப்பந்தமே போட்டிச் சட்டப்படி செல்லாது, ராயல்டி தர மாட்டேன் என்று வாதாடியிருந்தார். நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: தொழில் நுணுக்கத்தையும் பெயரின் தரத்தையும் காக்கத் தேவையான கட்டுப்பாடுகள் சரி, கடைக்காரர்களுக்குள் சந்தையைப் பங்குபோட்டுக் கொடுப்பதும், இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். இது பெயரைக் காப்பாற்றவா, பையை நிரப்பவா?

"ஏரியா போய்விடும்" என்கிறார்களே, அந்த ஏரியா ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் ஏரியாவைக் காட்டும் வரைபடம் இருக்கும், அந்த ஏரியாவுக்குள் வேறு கடை வராது என்ற உறுதி இருக்காது. இருந்தாலும் இணையவழி விற்பனை, வீட்டு டெலிவரி, அதே தாய் நிறுவனத்தின் வேறொரு பெயரில் வரும் கடை ஆகியவற்றுக்கு விலக்கு வைத்திருப்பார்கள். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் முகவரி.

சரி, சட்டம். உலகம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா 1970-இல் முதலில் சட்டம் கொண்டுவந்தது. தேசிய அளவில், வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி 1979-இல் நடைமுறைக்கு வந்து 2007-இல் திருத்தப்பட்டது. அதன்படி 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தை, கையெழுத்துக்கோ பணத்துக்கோ 14 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் மீதுள்ள வழக்குகள், எல்லாக் கட்டணங்களும், தணிக்கை செய்த கணக்கு, மூடிய கடைகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். பிரான்ஸில் 1989 தூபேன் சட்டம் 20 நாள் அவகாசம் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 1998 முதல் கட்டாய நடத்தை விதி இருக்கிறது; கையெழுத்துக்கு முன் 14 நாள், போட்ட பிறகும் மனம் மாறி விலக 14 நாள். மலேசியாவில் நிறுவனம் முதலில் பதிவாளரிடம் பதிய வேண்டும், ஒப்பந்தக் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2000-இல் வந்த சட்டம்தான் என் கண்ணில் பல் உள்ள சட்டம்: ஆவணமே தராமல் கையெழுத்து வாங்கியிருந்தால் இரண்டு வருடம் வரை ஒப்பந்தத்தை ரத்து செய்து, கட்டிய பணத்தையும் நஷ்டத்தையும் திரும்பக் கேட்கலாம்.

இந்தியாவிலும் பிரிட்டனிலும் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம், போட்டிச் சட்டம் ஆகியவற்றை வைத்தே ஓட்ட வேண்டும். அதாவது, எதையும் தாங்களாகவே வெளிப்படுத்த வேண்டிய கடமை அவர்களுக்குப் பெரிதாக இல்லை. நீங்கள்தான் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பொய் சொல்லி ஏமாற்றினால் வழக்குப் போடலாம். ஆனால் பொய் சொன்னார்கள் என்று காட்ட உங்களிடம் தாள் இருக்க வேண்டும்.

ஆவணச் சட்டம் இருக்கிற நாட்டிலும் ஒன்றை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் அந்த 23 தலைப்பு ஆவணத்தை ஃபெடரல் டிரேட் கமிஷன் படித்துப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. அந்த விதியை மீறினார்கள் என்று நீங்களே நேரடியாக வழக்குப் போடவும் முடியாது. மாநிலச் சட்டங்களைத்தான் பிடிக்க வேண்டும். ஆவணம் கையில் வருவதே பாதுகாப்பு என்று நினைத்தால் தப்பு, அதைப் படிக்க வேண்டும்.

படிக்கும்போது இரண்டு இடம். 19-ஆவது தலைப்பு, வருமானக் கணிப்பு. அதைத் தருவது கட்டாயம் இல்லை. ஆனால் வருமானம் பற்றி எண் சொல்வதானால் அங்கேதான், தக்க ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். எனவே விற்பனைப் பிரதிநிதி டீ குடிக்கும்போது "மாதம் இவ்வளவு நிற்கும் சார்" என்று சொல்கிற எண் அந்தத் தலைப்பில் இல்லையென்றால், அவர் விதியை மீறிக்கொண்டிருக்கிறார். அடுத்தது 20. மூன்று வருடத்தில் எத்தனை கடை திறந்தது, மூடியது, கைமாறியது என்ற அட்டவணையும், கடைசி ஆண்டில் விலகியவர்களின் பெயர், தொடர்பு விவரமும் அதில் இருக்கும். இந்தப் பட்டியல் சட்டப்படி கிடைக்காத நாட்டில் இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். வெற்றிகரமாக நடத்துகிறவரிடம் அவர்களே உங்களை அழைத்துப் போவார்கள். நீங்கள் பேச வேண்டியது விலகியவரிடம். "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள், ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். "முதல் வருடம் கையில் எவ்வளவு நின்றது? அவர்கள் சொன்ன முதலீட்டுக்கு மேல் எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேளுங்கள். பேச மறுத்தால் அவரை வாயடைக்கும் பிரிவில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதுவும் ஒரு தகவல்தான்.

வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. "இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு, இதற்கு முன் சொன்ன எதுவும் கட்டுப்படுத்தாது" என்று ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். முக்கியமான வாக்குறுதி ஒன்று இருந்தால், அதை ஒரே வரியில் எழுதி இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கத் தயங்கினால் அது வாக்குறுதி இல்லை.

கம்பெனி ஆரம்பித்து அதன் பேரில் எடுத்தால் வீடு தப்பும் என்று நினைப்பவர்களுக்கு: கடைசி இணைப்பில் தனிநபர் உத்தரவாதம் என்று ஒரு தாள் இருக்கும். சில சமயம் மனைவி, கணவரின் கையெழுத்தும் கேட்பார்கள். அதில் கையெழுத்திட்டால் கம்பெனி என்ற சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். தொகைக்கும் காலத்துக்கும் உச்ச வரம்பு கேளுங்கள்.

தகராறு எங்கே தீர்க்கப்படும் என்பதும் சின்ன வரிதான். 1985-இல் பர்கர் கிங் வழக்கில், மிச்சிகனில் கடை எடுத்தவர் மீது நிறுவனம் தன் தலைமையகம் இருந்த புளோரிடாவில் வழக்குப் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. உங்கள் ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் ஆயிரம் மைல் தள்ளி இருந்தால், சிறிய பாக்கிக்காக நீங்கள் ஒருபோதும் வழக்காட மாட்டீர்கள். அவர்களுக்கும் அது தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று: "முதலீடு மட்டும் போடுங்கள், நடத்துவது நாங்கள், மாதம் நிச்சய வருமானம்" என்று யாராவது வந்தால் அது பிரான்சைஸே அல்ல. நீங்கள் வேலை செய்யாமல் அடுத்தவர் உழைப்பில் லாபம் எதிர்பார்க்கிற திட்டத்தை 1946-இலேயே ஹாவி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதலீட்டு ஒப்பந்தம் என்று வகைப்படுத்தியது. அதற்கு வேறு சட்டம், வேறு அனுமதி. பெயர்ப்பலகை மாட்டிய டெபாசிட் திட்டமாக நினைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

இப்போது முன்பணம். இந்த வாரம் கட்டாதீர்கள். நாளையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மூன்று வருடத்தில் மூடிய கடைகளின் பட்டியல், சரக்கில் நிறுவனத்துக்கு வரும் லாபம், ஏரியா பாதுகாப்புக்கு எந்தப் பிரிவு எண், ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற நாலு கேள்வி போதும். பதில் எழுத்தில் வந்தால், அதையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு பிரான்சைஸ் வழக்குகள் பார்த்த வக்கீலிடம் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் முதலீட்டில் சின்னத் துளி. பதிலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு "இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறார் சார்" என்றால், அந்த ஏரியாவை அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.